லாரி நுழையாத குகை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவருடைய மச்சான் ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தான் என்ற செய்தி வந்தபோது தெருவில் யாரும் நம்பவில்லை. அவன் கொடுத்ததை நம்பினார்கள். இவர் வாங்கிக்கொண்டதைத்தான் நம்பவில்லை.

அந்த மச்சான் கையால் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர் அவர். மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி. நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். அடுக்களையில் நின்று பேசினாலும் எதிரே வருகிற வண்டிக்காரனிடம் பேசுகிற சத்தத்தில்தான் பேசுவான். அதனால் தெருவில் அவனுக்கு லாரி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் அக்காவைப் பார்க்க வந்து இறங்கினால் எதிர்வீட்டு டீச்சரம்மா தன் வீட்டு டிவியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார். இங்கே நடப்பதே பார்க்க நன்றாக இருக்கும்.

கண்ணாடிக்காரர் அவனிடம் நேராகப் பேசியதே கிடையாது. "உன் தம்பிகிட்ட சொல்லு, வண்டியக் கடை வாசல்ல நிறுத்த வேணாம்னு" என்பார், தம்பி இரண்டடி தள்ளி நிற்கும்போதே. அவனும் விடமாட்டான். "அக்கா, அத்தான்கிட்ட சொல்லு, கடைக்குள்ள நிறுத்தத்தான் பாத்தேன், கதவு சின்னதா இருக்குன்னு." நடுவில் நின்ற அந்த அம்மாள் தபால்பெட்டி மாதிரி இரண்டு பக்கமும் வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

இந்தப் பகை மூண்டது ஒரு தேநீர் தம்ளரால் என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அதுதான் உண்மை.

கடைக்கு மேலே வீடு. மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் அறை காலியானது. மகள் காரேறிய மறுநாளே இவர் அளவு டேப்போடு அறைக்குள் போனார் என்று டீச்சரம்மா சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்தார். அதற்கப்புறம் அந்த அறை முழுக்க ஒரு பெரிய மேஜை. மேஜைமேல் தண்டவாளம், ஒரு நிலையம், சிக்னல் கம்பங்கள், பஞ்சில் பச்சை சாயம் தோய்த்துச் செய்த மரங்கள், அலமாரிப் பக்கத்து மூலையில் ஒரு மலை. மலையைக் குடைந்து ஒரு குகை. ரயில் சுற்றி வந்து குகைக்குள் போய், அந்தப்பக்கம் வெளியே வந்து, நிலையத்தில் நிற்கும். மனிதருக்கு இதைவிட வேறொரு சந்தோஷம் தேவைப்படவில்லை.

அந்த ரயிலில் பயணிகள் பெட்டிகள் மட்டும்தான். மேல்பாதி வெண்ணெய் நிறம், கீழ்ப்பாதி கருஞ்சிவப்பு, எல்லாம் ஒரே அச்சு. ஒன்றொன்றாகச் சேர்த்தவை. அவர் ஒரு பெட்டி வாங்குகிற அழகைப் பார்க்கவேண்டும். கடையிலிருந்து ஒரு கண்ணாடிப் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு பொம்மைக்கடைக்குப் போவார். பெட்டியை அந்தக் கண்ணாடிமேல் வைத்து, ஏதாவது ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் மிதக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்ப்பார். கொக்கியின் உயரத்தை, மூக்குக்கண்ணாடிச் சில்லின் தடிமன் பார்க்கிற கருவியால் அளப்பார். பெட்டி வளைவில் திரும்பும்போது அதன் வயிறு எவ்வளவு வெளியே தள்ளும் என்று கேட்பார். பொம்மைக்கடை அம்மா அவரைக் கண்டால் ஒரு நாற்காலி போடுவார், பெருமூச்சும் விடுவார்.

சரக்குப் பெட்டி என்றால் மட்டும் முகம் சுளிப்பார். எண்ணெய் டேங்கர், நிலக்கரிப் பெட்டி, மரம் ஏற்றுகிற பெட்டி எல்லாம் கடையில் வரிசையாக இருக்கும். "கூட்ஸ் வண்டியா? நடுக்கூடத்துல யாராவது குப்பை வண்டி ஓட்டுவாங்களா?" என்று கேட்டுவிட்டு அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்வார்.

இப்படிப்பட்ட அறைக்குள் லாரி ஒருநாள் கையில் தேநீரோடு நுழைந்தான். சும்மா பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். "என்ன அத்தான், இத்தனை பெட்டி ஓட்டறீங்க, ஒருத்தனும் ஏறல, ஒரு மூட்டையும் ஏறல, வண்டி சும்மா சுத்துது! முதலாளி திட்டமாட்டாரா?" என்று சொல்லி, தம்ளரை ஒரு பெட்டியின் கூரைமேல் வைத்து ரயிலைக் கிளப்பிவிட்டான். வளைவு வரை தேநீர் ஒழுங்காகத்தான் போனது. குகை வாசலில் தம்ளர் இடித்து, வெண்ணெய் நிறமெல்லாம் தேநீர் நிறமானது. தண்டவாளம் காய மூன்று நாள் மின்விசிறி போட்டு வைக்க வேண்டியிருந்தது. அன்றோடு அந்த அறைக்குள் அவன் காலடி வைக்கத் தடை. வருஷக்கணக்காக.

சரி, இப்போது நடந்ததற்கு வருவோம்.

கண்ணாடிக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. மனைவி தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தாள், பொருந்தவில்லை. மகள் கர்ப்பமாக இருந்தாள். யாரும் லாரியிடம் கேட்கவே இல்லை. அவனாக ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய், சரக்கு இறக்க வந்தவன் மாதிரி, "எங்க கொடுக்கணும்?" என்று கேட்டு ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டியிருக்கிறான். பொருந்தியது. இத்தனை வருஷமாக எதிலும் பொருந்தாத இரண்டு பேருக்கு அது ஒன்றுதான் பொருந்தியது என்று டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். லாரி தன் ஊருக்குப் போகப் பல மணிநேரப் பயணம். அதனால் கடைசிப் பரிசோதனை முடியும்வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்றார் டாக்டர். அக்கா வீட்டில் காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ரயில் அறை.

அவனுக்கு மலையடிவாரத்தில் கட்டில் போட்டார்கள்.

கண்ணாடிக்காரர் அடுத்த அறையில் முகமூடியோடு படுத்திருந்தார். யாரும் கிட்டே வரக்கூடாது, தூசி கூடாது, எதையும் தூக்கக்கூடாது. சுவருக்கு அந்தப்பக்கம் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது. இவருக்குச் சத்தத்திலேயே தெரியும். இப்போது வளைவு, இப்போது குகை, இப்போது நிலையத்தில் நிறுத்தாமல் போகிறான். நிறுத்தாமல் போகிறான்! பழைய ஆளாக இருந்தால் எழுந்து போய்க் கத்தியிருப்பார். இப்போது அப்படியே படுத்துக்கொண்டு, அடிவயிற்றில் புதிதாக வந்து குடியேறியிருக்கிற உறுப்பின்மேல் மெதுவாகக் கையை வைத்துக்கொண்டார்.

ஒரு நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அது முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்தார். "மச்சான், நீ செஞ்சதுக்கு..." என்று தொடங்கினார். முதன்முறையாக மனைவி வழியாக அல்லாமல் நேராக. லாரி சக்கரநாற்காலியில் உட்கார்ந்தபடி, "அத்தான், உள்ள ரெண்டும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒண்ண உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன், நிம்மதி" என்று சொல்லிவிட்டு நர்ஸை நாற்காலியைத் தள்ளச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நல்ல கைக்கடிகாரம் வரவழைத்துக் கொடுத்தார். "டாக்டர் எடை தூக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார் அத்தான்" என்று அதை அக்கா கையில் கட்டிவிட்டான். கழட்ட வரவில்லை என்று அவளும் போட்டுக்கொண்டே திரிந்தாள்.

இன்னொரு நாள் மதியம், கண்ணாடி முன்னால் நின்று நாலு வாக்கியம் ஒத்திகை பார்த்துவிட்டு, அவன் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முதல் வாக்கியம் பாதி வந்தது. "இருங்க அத்தான், இதோ வந்துட்டேன்" என்று பாத்ரூம் பக்கம் கை காட்டிக்கொண்டே எழுந்தான் லாரி. "முன்னாடி ரெண்டு பேர் பாத்த வேலைய இப்ப ஒருத்தன் பாக்குறான். கூப்பிட்டா உடனே போகணும்." போனவன் வரவே இல்லை. அடுக்களையில் அக்காவோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"அவன் கேக்கவே மாட்டேங்குறான்" என்று மனைவியிடம் முறையிட்டார்.

"நீங்க அவன்கிட்ட நல்லவிதமா பேசினா அவனுக்குப் பயமா இருக்குதாம். ஏதாவது திட்டிப் பாருங்க, உக்காந்து கேப்பான்."

"திட்டி எப்படிடீ நன்றி சொல்றது?"

"அதை நீங்க ரெண்டு பேரும்தான் யோசிக்கணும். இனிமே நான் நடுவுல நிக்கமாட்டேன். ரெண்டு நோயாளிக்கும் சமைச்சு என் இடுப்பு போச்சு."

கடைசிப் பரிசோதனை முடிந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகலாம் என்றார் டாக்டர். லாரி சட்டைகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தான். கண்ணாடிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். ஃபோனில் நன்றி சொன்னால் அவன் சிக்னல் இல்லை என்பான். இத்தனை வருஷம் பேசாமலிருந்தது போக, மிச்ச ஆயுளும் இப்படியே ஒரு கடனை விழுங்கியவன் மாதிரி முழித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பொம்மைக்கடை அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. "உங்க சாப்பாட்டுப் பெட்டி வந்திருக்கு சார்."

சாப்பாட்டுப் பெட்டி என்றால் சாதாரணமில்லை. அந்த வெண்ணெய் நிறத் தொடரில் அவரிடம் இல்லாத ஒரே பெட்டி அது. உள்ளே குட்டி மேஜைகள், மேஜைமேல் குட்டி விளக்குகள், விளக்குகள் எரியும். அது வருமா வருமா என்று வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அந்த அம்மாவின் உயிரை எடுத்திருந்தார். அவருடைய பிளாட்பாரத்தில் இன்னும் ஒரே ஒரு பெட்டி நிற்கத்தான் இடம். அந்த இடம் இதற்காகவே காத்திருந்தது.

மனைவியிடம் காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி, முகமூடியை இறுக்கிக்கொண்டு, கண்ணாடிப் பலகையும் உருப்பெருக்கியுமாகப் போனார். மனுஷன் எந்தக் காற்றை வாங்க எந்தப் பலகையோடு போகிறார் என்று டீச்சரம்மாவுக்குத் தெரியாதா? அவரும் ஏதோ நூல் வாங்க வேண்டியிருந்தது என்று பின்னாலேயே போனார். அதனால்தான் கடையில் நடந்தது நமக்கு வரிக்கு வரி கிடைத்தது.

பொம்மைக்கடை அம்மா சாப்பாட்டுப் பெட்டியைப் பஞ்சு விலக்கி வெளியே எடுத்தார். "நல்லாப் பாத்துக்குங்க சார். ஒண்ணுதான் வந்திருக்கு. நீங்க வேணாம்னா வக்கீல் சார் எடுத்துக்கறேன்னு காலையிலேயே வந்து நின்னார்."

கண்ணாடிமேல் வைத்தார். எட்டுச் சக்கரமும் ஒட்டி உட்கார்ந்தன. விளக்குகளைப் போட்டுப் பார்த்தார், எரிந்தன. கொக்கியை அளந்தார், கச்சிதம். குறை சொல்ல ஒன்றுமே இல்லாதது அவருக்கே ஒருமாதிரி இருந்தது. உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுத்துத் தலையை நிமிர்த்தினார். நாற்காலி அன்றைக்கு மாறிப் போட்டிருந்ததோ என்னவோ, கண்ணெதிரே சரக்குப் பெட்டி அலமாரி.

அதில் ஒரு பெட்டிக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் பலகை மாதிரி இருந்தது. அதன்மேல், சங்கிலி போட்டுக் கட்டி, ஒரு லாரி.

"அது என்ன, லாரி ரயில்மேல ஏறியிருக்கு?"

"அதுவா சார்? மலைப்பாதைல அப்படி ஒரு ஏற்பாடு இருக்காம். லாரிய அப்படியே ரயில்ல ஏத்திடுவாங்க. மலையத் தாண்டி இறக்கி விட்ருவாங்க. டிரைவருங்களுக்குப் பின்னால ஒரு பயணிகள் பெட்டி உண்டு. அவங்க அதுல படுத்துத் தூங்கிட்டு வரலாம்."

"டிரைவர் தூங்கலாமா?"

"ஆமா சார். அவர்தான் ஓட்டலையே."

கண்ணாடிக்காரர் கையை நீட்டி அந்தக் குட்டி லாரியின் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். சாப்பாட்டுப் பெட்டியின் விளக்குகள் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. அவர் மனசு எங்கே ஓடியது என்று யாருக்குத் தெரியும். லாரி ஒருமுறை வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்மேலேயே தலையைக் கவிழ்த்துத் தூங்கியதை அவர் கடைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறார். ஹார்ன் அடிக்கும் என்று பயந்து கையை மடித்து அதன்மேல் நெற்றியை வைத்திருந்தான். அப்போது மனைவியிடம், "உன் தம்பிய வாசல்ல தூங்கவேணாம்னு சொல்லு" என்றுதான் சொன்னார்.

"வக்கீலுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க" என்றார்.

"எதை சார்?"

"இது அவருக்கு." சாப்பாட்டுப் பெட்டியை அவரே பஞ்சு போட்டு மூடினார். மூடும்போது கை கொஞ்சம் தாமதித்தது என்கிறார் டீச்சரம்மா. தாமதிக்காமல் இருக்குமா? "எனக்கு அந்தக் குப்பை வண்டியக் குடுங்க."

பொம்மைக்கடை அம்மாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அதைவிட நம்ப முடியாதது, அவர் அதைக் கண்ணாடிப் பலகைமேல் வைக்கவில்லை, அளக்கவில்லை, உருப்பெருக்கியை எடுக்கவே இல்லை. பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வாழ்க்கையில் அந்த மனிதர் அளக்காமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குள் போனார். பொம்மை லாரி பச்சையாக இருந்தது. மச்சானின் வண்டிக்கு நீலத் தலை, மஞ்சள் கதவு. கண்ணாடி ஃபிரேமுக்குப் பூசுகிற சாயங்களும் ஒற்றை மயிர்த் தூரிகையும் இருந்தன. உட்கார்ந்தார். கண் பரிசோதனைக்கு வந்தவர்களை அந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு இவர் கதவுக்கு மஞ்சள் பூசினார். ஒரு பெரியவர் கடைசி வரி வரைக்கும் மூன்று தடவை படித்து முடித்துவிட்டு, "தம்பி, இன்னும் படிக்கணுமா?" என்றார். முன் பம்பரில் இடது பக்கம் ஒரு சொட்டை இருக்கும். கடை வாசல் தூணில் இடித்த சொட்டை. அதற்கு எவ்வளவு சண்டை! அதையும் சூடான ஊசியால் அழுத்தி வைத்தார்.

பிறகு தன் வெண்ணெய் நிறப் பெட்டிகளில் ஒன்றை மனைவியை விட்டு எடுத்துவரச் சொல்லி, அதைக் கழற்றி, ஜன்னலோரம் ஒரு குட்டி ஆளைச் சாய்த்து ஒட்டினார். ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. தண்டவாளம் இருக்கிற அறையில் மச்சான் அல்லவா கிடக்கிறான்!

ஞாயிற்றுக்கிழமை காலை. லாரி பையோடு கிளம்பி நின்றான். வழியனுப்ப டீச்சரம்மாவும் வந்திருந்தார். இதைத் தவறவிட அவருக்கு மனசு வருமா?

"உன் தம்பிய உள்ள வரச் சொல்லு" என்றார் கண்ணாடிக்காரர், ரயில் அறை வாசலில் நின்று.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

தொண்டையைச் செருமினார். "மச்சான். உள்ள வா."

அறையில் ரயில் தயாராக நின்றது. எஞ்சின், அதற்குப் பின்னால் பலகைப் பெட்டி, மேலே லாரி, அதற்குப் பின்னால் ஒரே ஒரு வெண்ணெய் நிறப் பெட்டி. விசையைத் திருகினார். ரயில் நகர்ந்தது.

லாரி முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தான். அப்புறம் குனிந்தான். "அக்கா! இது என் வண்டி! அந்தச் சொட்டையப் பாரு, அந்தச் சொட்டை!" ரயிலோடு கூடவே மேஜையைச் சுற்றி நடந்தான். "கூட்ஸ் வண்டியா? உங்க வீட்லயா? அத்தான், உடம்பு நல்லாத்தானே இருக்கு?" பிறகு ஜன்னலுக்குள் பார்த்தான். "இதுக்குள்ள எவனோ தூங்குறான்."

"நீதான்."

"நானா? நான் தூங்கினா வண்டிய யாரு ஓட்டறது?"

"வண்டிய ரயில் ஓட்டுது. நீ தூங்கு."

லாரி தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான். கண்ணாடிக்காரர் இதுதான் சமயம் என்று மூச்சை இழுத்தார். ஒத்திகை பார்த்த நாலு வாக்கியமும் நாக்கு நுனியில் நின்றன. "மச்சான், இதை நான் எதுக்குச் செஞ்சேன்னா..."

டமார்.

குகை வாசலில் பொம்மை லாரியின் தலை இடித்து, பலகைப் பெட்டி தடம் புரண்டு, எஞ்சின் மட்டும் தனியாகக் குகைக்குள் போய் முனகிக்கொண்டு நின்றது. தூங்கிக்கொண்டிருந்த குட்டி ஆள் ஜன்னலை விட்டு விழுந்து தலைகீழாகக் கிடந்தான்.

அந்தக் குகையின் வாசல் தன் பயணிகள் பெட்டிக்கு என்றே அவர் அளந்து கட்டியது. பெட்டியில் பென்சிலைக் கட்டி ஓட்டி, அது கோடு போட்ட இடம் வரைக்கும்தான் சாந்து பூசினார். ஒரு நூல்கூட மிச்சம் வைக்கவில்லை. அவ்வளவு கச்சிதமாக ஒரு குகை இந்த வட்டாரத்தில் கிடையாது. லாரி ஏறிய பெட்டி பயணிகள் பெட்டியைவிட உயரம். அளந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கண்ணாடிக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

முதலில் லாரிதான் சிரித்தான். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும். விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று வலியில் கத்திக்கொண்டே சிரித்தான். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பாலத்துல இடிச்சதில்ல அத்தான்! ஒரு தடவை! ஒரே ஒரு தடவை நான் தூங்கினேன், நீங்க ஓட்டினீங்க, கொண்டுபோய் மொட்டை அடிச்சிட்டீங்களே! டயர்ல காத்த இறக்குங்க, போகுதா பாப்போம்!"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அறையை விட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஃபிரேம் அறுக்கிற சின்ன வாளோடு திரும்பி வந்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி. "எதையும் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

"தூக்கலடி. அறுக்கிறேன்."

"தூசி கூடாதுன்னாரே!" அவள் ஓடிப் போய் இன்னொரு முகமூடி எடுத்துவந்து, அவர் போட்டிருந்ததன்மேலேயே மாட்டிவிட்டு, ஜன்னல்களைத் திறந்தாள்.

லாரியின் சிரிப்பு நின்றது. வாள் அந்த மலைமேல் பட்டதும் அவனுக்கே பொறுக்கவில்லை. அந்த மலைக்கு அவர் எவ்வளவு நாள் செலவழித்தார், பாறைக்கு நிறம் சரியாக வரவில்லை என்று எத்தனை முறை கழுவித் திரும்பப் பூசினார் என்பதெல்லாம் அக்கா சொல்லி அவனுக்குத் தெரியும். "அத்தான், விடுங்க. வேணாம். மலை கெட்டுப்போயிடும். நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். லாரிய எடுத்துட்டு ஓட்டுங்க, போகும்."

"லாரி போகணும்" என்றார் அவர், வாளை நிறுத்தாமல்.

"உங்க மலையப் போய் வெட்டுவாங்களா?"

அப்போதுதான் நிமிர்ந்தார். இரண்டு முகமூடிக்குப் பின்னால் வாய் தெரியவில்லை, கண்ணாடி முழுக்கச் சாந்துத் தூள். "உன்ன வெட்டினப்போ நீ வேணாம்னு சொன்னியாடா?"

வாள் மறுபடி கறக் கறக் என்றது.

லாரி கட்டில்மேல் உட்கார்ந்தான். தப்பித்துப் போக இந்த முறை பாத்ரூம் ஞாபகம் வரவில்லை. தரையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், அக்காவின் மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். டீச்சரம்மா பார்க்கிறார் என்று தெரிந்தும் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் போய், விழுகிற சாந்துக் கட்டிகள் தண்டவாளத்தில் படாமல் இரண்டு கையையும் ஏந்திப் பிடித்தான். கை நிறைந்ததும் அவன்தான் சொன்னான்.

"அத்தான்."

"என்ன?"

"வெட்டறதே வெட்டறீங்க. டீ தம்ளர் போற அளவுக்கு வெட்டிடுங்க."

கண்ணாடிக்காரர் அவனை உற்றுப் பார்த்தார். வருஷக்கணக்காகத் தடைபோட்டு வைத்திருந்த விஷயத்தை, கேட்கிற நேரம் பார்த்துக் கேட்கிறானே என்று. "அளவு பாக்க ஒரு தம்ளர் கொண்டா" என்றார் மனைவியிடம்.

"அக்கா, அத்தான்கிட்ட சொல்லு, டீ தம்ளர்னா டீயோட இருக்கணும்னு."

"எனக்குக் காது கேக்குதுடா. நேரா பேசிக்குங்கன்னா மறுபடி என்னையே கூப்பிடுறீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் போய், தேநீரோடேயே தம்ளரைக் கொண்டுவந்தாள்.

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில்தான் லாரி ஊருக்குப் போனான். அதற்குள் ரயில் அந்தத் தம்ளரோடு நிதானமாகக் குகைக்குள் போய், மறுபக்கம் வந்து, நிலையத்தில் நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு தம்ளரை இறக்கிவிட்டு லாரியை ஏற்றினார்கள், அதுவும் போனது. குட்டி ஆளை மறுபடி ஜன்னலோரம் ஒட்டினார்கள், இந்த முறை விழாத மாதிரி.

குகை இப்போது பார்க்கச் சகிக்காது. வாசலெல்லாம் ஓரம் பிய்ந்து, கம்பிவலை பல்லை இளிக்கிறது. வக்கீல் தன் சாப்பாட்டுப் பெட்டியைப் பெருமையடிக்கக் கொண்டுவந்தவர் அதைப் பார்த்து அதிர்ந்துபோனார். "என்ன சார் இது? எவ்வளவு கச்சிதமா வச்சிருந்தீங்க! யானை போற மாதிரி ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க? பூசி மூடி நிறமாவது அடிக்கக்கூடாதா?"

"இருக்கட்டும்" என்றார் கண்ணாடிக்காரர். வக்கீலின் பெட்டியைக் கையில் வாங்கி, விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். கொஞ்சநேரம் ஆசையாகத்தான் பார்த்தார். அதை மறைத்து என்ன பயன். திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல பெட்டி. பத்திரமா வச்சுக்குங்க" என்றார்.

லாரி திரும்ப வேலைக்குப் போய்விட்டான். எங்கேயாவது வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் குடிக்கிற நேரமாகப் பார்த்து ஃபோன் அடிப்பான். அவன் சத்தத்துக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. எதிர்வீடு வரைக்கும் கேட்கும். நலமா, மாத்திரை சாப்பிட்டீங்களா என்றெல்லாம் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வதில்லை.

"அத்தான், என் வண்டி எங்க போய்க்கிட்டிருக்கு?"

"இப்பத்தான் குகைக்குள்ள போச்சு. இரு." கண்ணாடிக்காரர் ஃபோனை மேஜைப் பக்கம் நீட்டுவார். சக்கரச் சத்தம் மலைக்குள் அமுங்கி, மறுபடி பெரிதாகும். "வெளிய வந்துடுச்சு."

"நான் என்ன பண்றேன்?"

"தூங்குற."

"சரி, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் ஃபோனை வைத்துவிடுவான்.